வீடு திரும்பிய பிறகு

"இனிமே இங்க செய்யறதுக்கு ஒண்ணும் இல்ல. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

வேலூரிலோ திருவண்ணாமலையிலோ ஒரு பெரிய மருத்துவமனை வராந்தாவில் இதைக் கேட்டுவிட்டுத்தான் பல குடும்பங்கள் கலசப்பாக்கத்துக்கும் போளூருக்கும் ஆரணிக்கும் திரும்புகின்றன. விசாரிக்கும் அக்கம்பக்கத்தாரிடம், "டாக்டர் கை விரிச்சிட்டாரு" என்கிறார்கள். இந்தப் பதிலில் இரண்டு செய்திகள் கலந்திருக்கின்றன. நோயைக் குணப்படுத்த முடியாது என்பது முதல் செய்தி. அது பெரும்பாலும் உண்மை. இனி மருத்துவமே தேவையில்லை என்பது இரண்டாவது. அது முழுத் தவறு.

வாய், நுரையீரல், கருப்பைவாய் என்று எங்கே தொடங்கிய புற்றுநோயானாலும், செயலிழந்த சிறுநீரகமானாலும், தளர்ந்துபோன இதயமானாலும், கடைசி வாரங்களில் உடல் கேட்பவை ஏறத்தாழ ஒன்றேதான். வலி தணிய வேண்டும். மூச்சு முட்டக் கூடாது. புண் நாறக் கூடாது. வாய் காயக் கூடாது. இரவில் தூக்கம் வர வேண்டும். பக்கத்தில் தெரிந்த முகம் இருக்க வேண்டும். இவற்றில் பெரும்பாலானவற்றைச் சாதாரண வீட்டிலேயே செய்து தரலாம். மருந்துகள் மலிவானவை, செய்முறை எவரும் பழகக்கூடியது. தமிழ்நாட்டு அரசு இதை நோய் ஆதரவு சிகிச்சை என்கிறது. அது உடலில் எப்படி வேலை செய்கிறது, கலசப்பாக்கம் போன்ற செய்யாற்றங்கரை ஊர் ஒன்றுக்கு அது முழுமையாக வந்து சேர என்னென்ன வேண்டும் என்பதே இந்த அத்தியாயம்.

வீட்டுக்கு வந்தால் ஆயுள் குறையுமா?

"ஆஸ்பத்திரியிலயே வெச்சிருந்தா இன்னும் நாலு நாள் இருந்திருப்பாரோ?" இறப்புக்குப் பிறகு பல ஆண்டுகள் ஒரு மகனையோ மகளையோ அரிக்கும் கேள்வி இது. இதற்கு ஆய்வுகளில் விடை இருக்கிறது.

ஜப்பானில் ஜுன் ஹமானோவும் அவரது குழுவினரும் முற்றிய புற்றுநோயாளிகள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரின் கடைசி நாட்களை ஆராய்ந்து 2016-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். வீட்டில் இறந்தவர்களின் ஆயுள் மருத்துவமனையில் இறந்தவர்களின் ஆயுளைவிடக் குறைந்திருக்கவில்லை. சில நாட்களோ சில வாரங்களோதான் மிச்சம் என்று கணிக்கப்பட்டவர்களில், வீட்டில் இருந்தவர்கள் சற்றுக் கூடுதலாகவே வாழ்ந்திருந்தார்கள். வீடே ஆயுளை நீட்டுகிறது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் வீட்டுக்கு அழைத்து வந்ததால் நாட்களைப் பறித்துவிட்டோம் என்ற குற்ற உணர்வுக்கு இந்த ஆய்வில் இடமில்லை.

இன்னோர் ஆய்வு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நடந்தது. பரவிய நுரையீரல் புற்றுநோய் கொண்ட 151 பேரை ஜெனிஃபர் டெமலின் குழு இரு பிரிவாக்கியது. ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மற்றதற்கு அதனுடன் தொடக்கத்திலிருந்தே நோய் ஆதரவு சிகிச்சையும் சேர்த்து. 2010-ல் வெளியான முடிவு உலகெங்கும் மருத்துவர்களைத் திரும்பிப் பார்க்க வைத்தது. இரண்டாம் பிரிவினரின் இடைநிலை ஆயுள் 11.6 மாதங்கள், முதல் பிரிவினருக்கு 8.9 மாதங்கள். ஆயுள் கூடியதோடு மனச்சோர்வும் குறைந்திருந்தது.

விரும்பியபடி வீட்டில் இறக்க முடிவது எதைப் பொறுத்தது? பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்த 2013-ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வு, பயிற்சி பெற்ற குழு வீடு தேடி வரும்போது அதற்கான வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேலாகிறது என்று கண்டது. நோயாளியின் ஆசையும் குடும்பத்தின் பாசமும் எங்கும் இருக்கின்றன. கதவைத் தட்டி உள்ளே வரும் செவிலியர் இருக்கிறாரா என்பதுதான் வேறுபாட்டை உண்டாக்குகிறது.

தறி இருக்கும் வீட்டில் கட்டில் எங்கே?

ஆரணிப் பட்டு நெய்யும் வீடுகளில் பெரிய இடம் தறிக்குத்தான். குழித்தறி என்றால் தரையில் கால் வைக்கும் பள்ளம் வேறு. பாவு நீள, ஜக்கார்டு பெட்டி உயர, மிச்சமிருக்கும் இடத்தில்தான் சமையலும் படுக்கையும் பிள்ளைகளின் படிப்பும். சேலை நெய்து கொடுத்தால்தான் கூலி. தறியில் உட்கார வேண்டியவர் நோயாளியின் தலைமாட்டில் உட்கார்ந்தால், அன்றைய நெசவு நின்றுவிடும்.

ஆகவே இந்தச் சிகிச்சை வீட்டைப் பார்ப்பதில் தொடங்குகிறது. கட்டிலை எங்கே போட்டால் காற்று வரும்? தறியில் இருப்பவர் தலையைத் திருப்பினால் நோயாளியின் முகம் தெரியுமா? கழிப்பறை எத்தனை அடி தூரம்? இரவில் எழுந்து பார்ப்பவர் யார்? வேலைக்காக வெளியே போகத் தேவையில்லாத நெசவுக் குடும்பத்துக்கு இதில் ஓர் அனுகூலம் உண்டு. கூப்பிட்ட குரலுக்கு ஆள் இருக்கும்.

படுக்கைப் புண்ணைத் தடுப்பதும் இங்கேதான் தொடங்குகிறது. ஒரே பக்கமாகப் படுத்திருந்தால் இடுப்பின் அடிப்பகுதி, குதிகால், இடுப்பெலும்பின் முனை ஆகிய இடங்களில் எலும்புக்கும் பாய்க்கும் நடுவே தோல் நசுங்குகிறது. நுண்ணிய ரத்தக்குழாய்கள் மூடிக்கொள்கின்றன. சில மணி நேரத்தில் திசு சாகத் தொடங்குகிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பதும், தோலை ஈரமில்லாமல் வைத்திருப்பதும், முடிந்தால் காற்றுப் படுக்கையோ தண்ணீர்ப் படுக்கையோ போடுவதும் மருந்துக்கு இணையான சிகிச்சை. கடைசி சில நாட்களில் புரட்டுவதே வலி தரும் என்றால் அந்த இடைவெளியை நீட்டிக்கொள்ளலாம்.

வாயிலோ மார்பிலோ புற்றுநோய் வெடித்துப் புண்ணானால் எழும் நாற்றம், நோயாளியைச் சொந்த வீட்டிலேயே தனிமைப்படுத்திவிடுகிறது. பேரப்பிள்ளைகள் கிட்டே வருவதில்லை. அவரும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறார். நாற்றத்துக்குக் காரணம், காற்றில்லாத இடத்தில் பெருகும் பாக்டீரியாக்கள். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் மெட்ரோனிடசோல் மாத்திரை அவற்றைக் கொல்லும். அதைப் பொடித்துக் கழுவிய புண்ணில் தூவும் முறை இந்தியாவில் பரவலாகப் பயன்படுகிறது. சில ரூபாய் மாத்திரை ஒரு மனிதரை மறுபடியும் குடும்பத்தின் நடுவில் உட்கார வைக்கிறது.

வலியும் மார்ஃபினும்

முற்றிய புற்றுநோயில் கட்டி எலும்பை அரிக்கிறது, நரம்பை அழுத்துகிறது. அந்தச் சமிக்ஞைகள் தண்டுவடம் வழியாக மூளைக்கு ஓயாமல் போகின்றன. ஓயாத வலி நரம்புகளையே மாற்றிவிடுவதால், சட்டை உரசினாலும் வலிக்கிறது. பாராசிட்டமால் இங்கே எடுபடாது.

தண்டுவடத்திலும் மூளையிலும் வலியை அடக்கும் ஏற்பிகள் நம் எல்லோரிடமும் உண்டு. 1973-ல் அவற்றைக் கண்டுபிடித்தார்கள். அவற்றில் வந்து பொருந்துவதற்காக உடலே தயாரிக்கும் வலிநிவாரணிகள் 1975-ல் அடையாளம் காணப்பட்டன. அபினிலிருந்து எடுக்கும் மார்ஃபினும் அதே ஏற்பிகளில் பொருந்தி, வலிச் சமிக்ஞை மேலே ஏறாமல் தடுக்கிறது. உடல் இரண்டு, மூன்று மணி நேரத்தில் அதில் பாதியைக் கழித்துவிடும். அதனால்தான் சாதாரண மார்ஃபின் மாத்திரையை நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, கடிகாரம் பார்த்துக் கொடுக்கிறார்கள். வலி வரட்டும் என்று காத்திருந்து கொடுத்தால் வலியை விரட்டிக்கொண்டே ஓட வேண்டியதுதான். உலக சுகாதார நிறுவனம் 1986-ல் வெளியிட்ட வழிகாட்டி இதையே சொன்னது: வாய்வழியாக, நேரம் தவறாமல், வலியின் அளவுக்கு ஏற்பப் படிப்படியாக.

"பழக்கமாயிடுமோ?", "தூங்க வெச்சே முடிச்சிடுவாங்களோ?" இந்த இரண்டு அச்சங்களுக்கும் நேரான விடை உண்டு. தொடர்ந்து எடுப்பவரின் உடல் மருந்துக்குப் பழகும்; திடீரென்று நிறுத்தக் கூடாது. போதைக்காக ஏங்கித் தேடும் அடிமைத்தனம் வேறு. வலிக்காக மருத்துவர் மேற்பார்வையில் எடுக்கும் இந்த நோயாளிகளிடம் அது அரிது. அளவுக்கு மீறினால் மார்ஃபின் மூச்சை மந்தமாக்கும் என்பது உண்மை. ஆனால் சிறிய அளவில் தொடங்கி வலி தணியும் வரை மெல்ல ஏற்றும்போது, மூச்சு நிற்பதற்கு வெகு முன்பே தூக்கக் கலக்கம் எச்சரித்துவிடும். சிறுநீரகம் பழுதானவருக்குக் கழிவுகள் தேங்கும் என்பதால் அளவைக் குறைக்கிறார்கள். ஏறக்குறைய எல்லோருக்கும் வரும் தொல்லை மலச்சிக்கல். எனவே மார்ஃபின் சீட்டிலேயே மலமிளக்கியும் எழுதப்பட்டிருக்க வேண்டும். விழுங்க முடியாத நிலை வந்தால், தோலுக்கு அடியில் சிறிய பட்டர்ஃபிளை ஊசியைப் பொருத்தி அதன் வழியே வீட்டிலேயே மருந்து செலுத்தலாம்.

மூச்சுத்திணறலுக்கும் குறைந்த அளவு மார்ஃபின் உதவுகிறது. இன்னும் எளிய உதவி விசிறி. இங்கிலாந்தில் 2010-ல் வெளியான ஓர் ஆய்வில், முகத்தில் வீசிய காற்று திணறலைக் குறைத்தது; காலில் வீசிய காற்று குறைக்கவில்லை. கன்னத்திலும் மூக்கைச் சுற்றியும் உள்ள நரம்புகளில் குளிர்ந்த காற்று படும்போது, மூச்சுக்காகத் தவிக்கும் மூளை அமைதியடைகிறது என்று விளக்குகிறார்கள். மின்சாரம் போனாலும் பனையோலை விசிறியோடு பக்கத்தில் உட்காரும் மருமகள் செய்வது ஒரு சிகிச்சை.

இத்தனை பயனுள்ள மருந்து நம் ஊர்களுக்கு ஏன் வரவில்லை? மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அரசு உரிமத்துடன் கசகசாச் செடி பயிரிட்டு, மருந்துக்கான அபினை ஏற்றுமதி செய்யும் நாடு நம்முடையது. 1985-ல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கடத்தல்காரர்களைக் குறிவைத்தது. ஆனால் பத்தாண்டுச் சிறைக்கு அஞ்சியும், பல துறைகளில் தனித்தனி உரிமம் வாங்க முடியாமலும் மருத்துவமனைகள் மார்ஃபின் வைத்திருப்பதையே விட்டுவிட்டன. 1985-க்கும் 1997-க்கும் இடையில் இந்தியாவின் மருத்துவ மார்ஃபின் பயன்பாடு சுமார் 97 விழுக்காடு சரிந்தது. ஒரு தலைமுறை மருத்துவர்கள் அந்த மாத்திரையைக் கையில் தொடாமலேயே படித்து முடித்தார்கள். கேரள மருத்துவர் எம்.ஆர். ராஜகோபாலும் அவருடன் நின்றவர்களும் விடாமல் போராடியதில் 2014-ல் சட்டம் திருத்தப்பட்டது. பல உரிமங்களுக்குப் பதிலாக, அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனம் என்ற ஒரே அனுமதி போதும் என்றானது. ஆனால் காகிதத்தில் வந்த மாற்றம் நோயாளியின் கைக்கு வர நாளாகிறது. 2017-ல் வெளியான லான்செட் ஆணைய அறிக்கையின் கணக்கில், தேவையுள்ள ஒரு நோயாளிக்கு அமெரிக்காவில் ஆண்டுக்கு 55,000 மில்லிகிராமுக்கும் மேல் மார்ஃபின் வகை மருந்து கிடைத்தது. இந்தியாவில் 43 மில்லிகிராம்.

கடைசி நாட்களில் உடல்

வீட்டில் இருப்பவர்களைக் கலங்க வைப்பது பெரும்பாலும் என்ன நடக்கிறது என்று தெரியாமை. தெரிந்துவிட்டால் நடுக்கம் குறைகிறது.

முதலில் சாப்பாடு நிற்கிறது. "சோறு தண்ணி எறங்கல, ஒரு பாட்டில் குளுக்கோஸாவது ஏத்தலாமே" என்று உறவினர் வற்புறுத்துவார்கள். அரை லிட்டர் குளுக்கோஸ் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை; இரண்டு இட்லி தரும் சத்துதான். முற்றிய நோயில் உடலின் வேதியியல் மாறிவிடுவதால், உணவைத் திணித்தாலும் அது தசையாக மாறாது. பசியும் பெரும்பாலும் இருப்பதில்லை. நோயாளி சாவது சாப்பிடாததால் அன்று. அவர் இறந்துகொண்டிருப்பதால் சாப்பிடவில்லை. எட்வர்டோ புரூவேராவின் குழு 2013-ல் வெளியிட்ட ஆய்வில், வீட்டில் இருந்த முற்றிய புற்றுநோயாளிகள் 129 பேரில் ஒரு பிரிவுக்கு நாள்தோறும் ஒரு லிட்டர் சலைனும் மறுபிரிவுக்குப் பெயரளவில் 100 மில்லிலிட்டரும் ஏற்றினார்கள். சோர்விலோ குழப்பத்திலோ ஆயுளிலோ வேறுபாடு இல்லை. தளர்ந்த உடலில் கூடுதல் நீர் நுரையீரலிலும் காலிலும் தேங்குவதும் உண்டு. வறண்ட வாய்க்கு ஈரத்துணியும் உதட்டுக்குக் கொஞ்சம் வெண்ணெயும் பாட்டிலைவிட ஆறுதல் தரும்.

கடைசியாகப் பால் ஊற்றுவது நம் வழக்கம். அந்த அன்பை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் விழுங்கும் திறன் போனவர் வாயில் ஊற்றினால் பால் மூச்சுக்குழாயில் இறங்கிப் புரையேறும். பாலில் நனைத்த துணியால் உதட்டையும் நாக்கையும் தொட்டு வைத்தால் சடங்கும் நிறைவேறும், மூச்சும் அடைபடாது.

பிறகு தூக்கம் நீள்கிறது. சிலர் பிதற்றுவார்கள், என்றோ போனவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், படுக்கையைப் பிடித்து இழுப்பார்கள். சிறுநீர் அடைத்துக்கொண்டதோ, மலச்சிக்கலோ, காய்ச்சலோ காரணமாக இருக்கலாம். அவற்றைப் பார்த்துத் தீர்த்த பின்னும் தொடர்ந்தால் அமைதிப்படுத்த மருந்து உண்டு. தொண்டையில் சளி தேங்கிக் கறகறவென்று ஒலிக்கும். "கபம் கட்டிக்கிச்சி" என்று கேட்பவர்கள் பதறுவார்கள். ஆழ்ந்த மயக்கத்தில் இருப்பவர் அதை உணர்வதாகத் தெரியவில்லை. ஒருக்களித்துப் படுக்க வைத்தாலே ஒலி பெரும்பாலும் குறையும். சுரப்பைக் குறைக்கும் ஊசியும் இருக்கிறது.

மூச்சு ஏறி, இறங்கி, சிறிது நேரம் நின்று, மறுபடி தொடங்கும். 19-ஆம் நூற்றாண்டில் இதை விவரித்த இரு மருத்துவர்களின் பெயரால் இது செய்ன்-ஸ்டோக்ஸ் மூச்சு எனப்படுகிறது. ரத்தத்தில் கரியமில வாயு ஏறுவதையும் இறங்குவதையும் கணித்து மூச்சைச் சீராக்கும் மூளையின் பகுதி தளர்வதால் இப்படி ஆகிறது. "உசிரு இழுத்துக்கினு கெடக்குது" என்று ஊர் சொல்வது இதைத்தான்; அது வேதனையின் அடையாளமாக இருக்க வேண்டியதில்லை. கை கால் குளிர்ந்து, முழங்காலில் நீலத் திட்டுகள் தோன்றும்.

அந்த நேரத்தில் காது கேட்குமா? கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தினர், பதில் சொல்லும் நிலையைக் கடந்துவிட்ட நோயாளிகளின் மூளை மின்னலைகளைப் பதிவு செய்து 2020-ல் வெளியிட்டார்கள். சிலரின் மூளை, ஒலி மாறும்போது நலமான இளைஞர்களின் மூளையைப் போலவே எதிர்வினை காட்டியது. அவர்களுக்குப் பேச்சின் பொருள் விளங்கியதா என்பதை அந்த அலைகள் சொல்லவில்லை. ஆனாலும் தலைமாட்டில் சொத்துப் பேச்சை நிறுத்திவிட்டு, சொல்ல வேண்டியதைச் சொல்ல இது போதுமான காரணம்.

யார் வருவார்கள்?

நவீன நோய் ஆதரவு சிகிச்சைக்கு வடிவம் தந்தவர் சிசிலி சாண்டர்ஸ். செவிலியராகவும் சமூகப் பணியாளராகவும் இருந்து பின்னர் மருத்துவரானவர். 1967-ல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோஃபர்ஸ் இல்லத்தைத் திறந்தார். உடலின் வலியோடு மனத்தின் கலக்கமும் குடும்பத்தின் பணக் கவலையும் வாழ்வின் பொருள் பற்றிய கேள்வியும் பின்னிக்கிடக்கின்றன, எல்லாவற்றையும் சேர்த்துத்தான் தணிக்க முடியும் என்பது அவர் கற்பித்தது.

இதை ஏழை ஊர்களிலும் செய்யலாம் என்று காட்டியது கேரளம். 1993-ல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் ராஜகோபாலும் சுரேஷ்குமாரும் தொடங்கிய சங்கம், சில ஆண்டுகளில் மலப்புரம் போன்ற மாவட்டங்களின் தெருக்களுக்குள் இறங்கியது. ஆசிரியர், ஆட்டோ ஓட்டுநர், மாணவர் எனப் பலரும் பயிற்சி பெற்று அண்டை வீட்டு நோயாளியைப் பார்க்கப் போனார்கள். சிறுசிறு நன்கொடைகளில் மருந்து வந்தது. 2008-ல் கேரள அரசு இதற்கெனக் கொள்கை வகுத்தது. பின்னர் ஊராட்சிகளே வீடு செல்லும் செவிலியர்களை அமர்த்தின.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளோடு நோய் ஆதரவு சிகிச்சையையும் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது. ஊராட்சி ஒன்றியம் ஒன்றுக்கு ஒரு நோய் ஆதரவுச் செவிலியர் என்பது அதன் ஏற்பாடு. இது பெரிய முன்னேற்றம். ஆனால் ஒரு செவிலியர் ஓர் ஒன்றியம் முழுவதையும் சுற்றி வரும்போது, ஒரே வீட்டுக்கு அடிக்கடி வர முடியாது. சாவு நேரம் பார்த்து வருவதில்லை. இரவு இரண்டு மணிக்கு வலி முற்றினால் குடும்பம் 108 ஆம்புலன்ஸைத்தான் கூப்பிடும். அடுத்த காட்சி தீவிர சிகிச்சைப் பிரிவில் குழாய்களுக்கு நடுவே. ஜவ்வாது மலையின் உட்பகுதி ஊர்களுக்கு அந்த வண்டியே எளிதில் ஏறாது.

உதவி வராத இடத்தில் என்ன நேரும் என்பதையும் தமிழ்நாடு அறியும். தென்மாவட்டச் சிற்றூர்கள் சிலவற்றில், படுத்த படுக்கையான முதியவர்களை எண்ணெய் தேய்த்துக் குளிர்ந்த நீரில் குளிப்பாட்டி முடித்துவிடும் தலைக்கூத்தல் இருந்திருக்கிறது. அது குற்றம். ஆனால் வலிக்கு மருந்தும் பராமரிப்புக்குக் கையும் இல்லாத வீடுகளில் அது நடந்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். தண்டனை மட்டும் அதை ஒழிக்காது. நோய் ஆதரவு சிகிச்சையின் நோக்கம் சாவை விரைவுபடுத்துவதும் அன்று, தள்ளிப்போடுவதும் அன்று. இருக்கும் நாட்களை அது தாங்கத்தக்கவையாக்குகிறது.

சட்டமும் இப்போது துணை நிற்கிறது. உயிர்காக்கும் கருவிகள் வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று ஏற்றது. 2023 ஜனவரியில் அதன் நடைமுறையை எளிதாக்கி, இரண்டு சாட்சிகளுடன் நோட்டரி அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரியின் கையொப்பம் போதும் என்றது. எதிர்பார்த்திருந்த நோயால் வீட்டில் நேரும் இறப்புக்குப் போலீசும் பிரேதப் பரிசோதனையும் தேவையில்லை. கடைசியாகப் பார்த்த மருத்துவரிடம் காரணச் சான்று பெற்று, 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும்.

எல்லோருக்கும் வீடே சரியான இடம் என்று சொல்ல மாட்டேன். ரத்தம் பீறிடும் புண்ணோ எதற்கும் அடங்காத வலியோ உள்ளவர், பார்த்துக்கொள்ள ஆளே இல்லாத முதியவர்: இவர்களுக்கு உள்நோயாளிப் படுக்கை வேண்டும். வீட்டில் பராமரிப்பு என்பது நடைமுறையில் மனைவி, மகள், மருமகளின் தூக்கம் என்பதையும் மறக்கக் கூடாது. அவர்களுக்கு ஓய்வு தராத திட்டம் பாதித் திட்டம்தான்.

ஆகவே கலசப்பாக்கம் கேட்க வேண்டியவை தெளிவானவை. வட்டத்துக்குள்ளேயே மார்ஃபின் மாத்திரை கிடைக்கும் ஓர் அரசு மருத்துவமனை. இரவிலும் எடுக்கப்படும் ஒரு தொலைபேசி. மறுமுனையில் அந்த நோயாளியின் பெயர் தெரிந்த ஒருவர். ஒன்றியச் செவிலியருக்கு இன்னும் இரண்டு துணை. பெரிய மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போதே வலி மருந்துச் சீட்டையும் ஊர்ச் செவிலியருக்கான கடிதத்தையும் கையில் கொடுக்கும் வழக்கம். இவை அரசு செய்ய வேண்டியவை. ஊர் செய்யக்கூடியதும் ஒன்று இருக்கிறது. மகளிர் சுயஉதவிக் குழுவும் நெசவாளர் கூட்டுறவுச் சங்கமும் பத்துப் பேரைப் பயிற்சிக்கு அனுப்பினால், வாரத்தில் சில மணி நேரம் அவர்கள் நோயாளியின் பக்கத்தில் இருப்பார்கள். அந்த நேரத்தில் மனைவி தூங்கலாம், மகன் தறியில் உட்கார்ந்து கூலிக்கு நெய்யலாம். மலப்புரத்தில் தொடங்கியதும் இந்த அளவில்தான். அதற்குக் கட்டடமும் கருவியும் தேவைப்படவில்லை, போகத் துணிந்த அண்டை வீட்டார் தேவைப்பட்டார்கள்.